புதிய ஒப்பனை, சிகையலங்காரக் கலைஞர் தொழிலில் தனி அடையாளம் பெறுவது எப்படி?

ஒப்பனையும் சிகையலங்காரமும் கற்று முடித்துத் தொழிலில் இறங்கும் பலர் முதலில் செய்வது, லோகோ வரையச் சொல்வதும் விசிட்டிங் கார்டு அச்சிடுவதும்தான். அவை வேண்டியவையே, ஆனால் அவற்றுக்கான முறை பின்னால் வருகிறது. உங்களிடம் ஒப்பனை செய்துகொண்ட ஒருவர், அடுத்த வாரம் தம் தோழியிடம் உங்களைப் பற்றி ஒரே வாக்கியத்தில் என்ன சொல்கிறாரோ அதுவே உங்கள் தொழில் அடையாளம். "சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார், என் முகம் என் முகமாகவே இருந்தது, இரவு வரை கலையவில்லை" என்று அவர் சொன்னால், அந்தத் தோழி உங்கள் லோகோவைப் பார்க்காமலே உங்களை அழைப்பார். அந்த வாக்கியம் தற்செயலாக அமையும்வரை காத்திருக்காமல், ஒவ்வொரு வேலையின் முடிவிலும் அதுவே பேசப்படும்படி தொழிலை அமைத்துக்கொள்வது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: எந்த வேலை உங்களுடையது?

ஒப்பனை என்ற ஒரே சொல்லுக்குள் பல தொழில்கள் அடங்கியிருக்கின்றன. மேடை ஒப்பனை, கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கண்ணும் வாயும் தெரியும்படி கோடுகளை அழுத்திக் காட்ட வேண்டும். அதே முகத்தை அருகிலிருந்து கேமரா பார்த்தால் அது முரட்டுத்தனமாகத் தெரியும். திரைப்படத்தில் ஒரே காட்சியைப் பல நாட்கள் எடுக்க நேரிடும் என்பதால், நெற்றியில் விழும் ஒரு முடிக்கற்றை உட்பட எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்துக் குறித்துவைத்து, மறுநாள் அப்படியே திரும்பக் கொண்டுவரும் கண்டிப்பு அங்கே முதன்மையானது. மணப்பெண் ஒப்பனையோ பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வியர்வையையும் கண்ணீரையும் தாங்கி நிற்க வேண்டும். ஃபேஷன் படப்பிடிப்பில் ஒரு தோற்றத்திலிருந்து இன்னொன்றுக்கு விரைந்து மாற்றும் வேகம் கேட்கப்படும். இவை எல்லாவற்றையும் ஒருவரே கற்றுக்கொள்ளலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பெயர் பெற முடியாது.

இத்துறையில் பெயர் நிலைத்தவர்களைக் கவனித்தால் இது விளங்கும். அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் பாபி பிரவுன் 1991இல் தம் பெயரில் விற்பனையைத் தொடங்கியபோது வைத்திருந்தவை பத்தே பத்து லிப்ஸ்டிக்குகள். உதட்டின் இயல்பான நிறத்தை ஒட்டிய பழுப்புச் சாயல்கள் அவை. முகத்தை மூடி மறைக்காத ஒப்பனை என்ற அவருடைய கருத்தை அந்தப் பத்தும் சேர்ந்து சொல்லிவிட்டன. சலூனுக்குப் போய் முடியைச் சுருட்டி, ஸ்பிரே அடித்து நிறுத்துவது வழக்கமாயிருந்த 1960களில், வெட்டிலேயே வடிவம் நின்று, கழுவி உலர்த்தினால் தானாகவே அமைந்துகொள்ளும் கூந்தலை பிரிட்டிஷ் சிகைக் கலைஞர் விடால் சசூன் கொண்டுவந்தார். இருவருக்கும் மற்ற வேலைகளும் தெரிந்திருந்தன. நினைவில் நின்றது ஒன்று.

எனவே ஒரு தாளில் உங்கள் வேலையை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். "எல்லா வகை மேக்கப்பும் ஹேர்ஸ்டைலும் செய்யப்படும்" என்பது யாருடைய நினைவிலும் தங்காது. "தோலின் இயல்பு தெரியும்படி, நாள் முழுதும் நிலைக்கும் மணப்பெண் ஒப்பனை; அடர்ந்த சுருள்முடியை நேராக்காமலே அழகுபடுத்தும் அலங்காரம்" என்பது தங்கும். இப்படி எழுதுவதால் வேறு வேலைகள் வராமல் போய்விடுமோ என்ற அச்சம் புதியவர்களுக்கு எப்போதும் உண்டு. வரும் வேலையை ஏற்றுச் செய்யுங்கள். ஆனால் வெளியே காட்டும் படங்களும் பேசும் பேச்சும் அந்த வாக்கியத்தைச் சுற்றியே இருக்கட்டும். ஓராண்டு கழித்து அந்த வாக்கியத்தை மாற்ற வேண்டுமென்று தோன்றினால் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: கை ஒரே சீராக வரும்வரை பழகுங்கள்

அபாரமான ஒரு முகத்தைவிட, சீராக நன்றாக வந்த இருபது முகங்களே தொழிலில் உங்களை நிறுத்தும். அதற்குச் சில அடிப்படைகள் மனப்பாடமாகக் கையில் இருக்க வேண்டும்.

முகம் முழுதும் அடித்தளமாகப் பூசும் ஃபவுண்டேஷனின் நிறத்தைக் கையின் பின்புறத்தில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். தாடை ஓரத்தில் அடுத்தடுத்த மூன்று நிறங்களை மெல்லிய கோடுகளாக இட்டு, கழுத்தோடும் மார்பின் மேற்பகுதியோடும் ஒப்பிட்டு, எது கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ அதையே எடுக்க வேண்டும். இட்ட உடனே முடிவு செய்யாதீர்கள். சில ஃபவுண்டேஷன்கள் தோலின் எண்ணெயோடும் காற்றோடும் சேர்ந்து பத்து நிமிடங்களில் ஒரு படி கறுத்துவிடும். நிறத்தின் அடர்த்தியோடு அதன் உட்சாயலையும் பாருங்கள். மஞ்சளும் பொன்னும் கலந்த வெதுவெதுப்பான சாயல், இளஞ்சிவப்பும் நீலமும் கலந்த குளிர்ந்த சாயல், இரண்டுக்கும் நடுவிலானது, பச்சை கலந்த ஆலிவ் என நான்கையும் பிரித்தறியக் கண் பழக வேண்டும். மாநிறத் தோலில் ஆலிவ் சாயல் இருப்பதைக் கவனியாமல் மஞ்சள் ஃபவுண்டேஷனை இடுவதும், கருமையான தோலில் சாயல் பாராமல் இட்டு முகத்தைச் சாம்பல் பூத்ததுபோல் ஆக்கிவிடுவதும் மிகப் பரவலான பிழைகள்.

ஃபவுண்டேஷனுக்கு முன் பூசும் பிரைமர் நீரை அடிப்படையாகக் கொண்டதாக இருந்து, அதன் மேல் சிலிக்கோன் அடிப்படையிலான ஃபவுண்டேஷனை இட்டாலோ, வரிசையை மாற்றிச் செய்தாலோ, இரண்டும் ஒட்டாமல் சிறு உருண்டைகளாகத் திரண்டு வரக்கூடும். உங்களிடமுள்ள பொருட்களில் எது எதனோடு சேர்கிறது என்பதை வீட்டில் சோதித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதேபோல், சிலிக்கா நிறைந்த வெள்ளைப் பவுடரும், டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு கலந்த சூரியக் காப்புப் பொருட்களும் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பியடித்து முகத்தை வெளுப்பாகக் காட்டக்கூடும். நேரில் அழகாகத் தெரிந்த முகம் மறுநாள் புகைப்படத்தில் கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டுகளோடு வருவது இதனால்தான். புதிய பவுடர் எதை வாங்கினாலும், இருட்டறையில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்க்காமல் வாடிக்கையாளரின் முகத்தில் வைக்காதீர்கள்.

கூந்தலிலும் காரணம் தெரிந்தவருடைய கைதான் சீராக இருக்கும். முடியின் வடிவத்தைத் தாங்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் விலகி, குளிரும்போதும் உலரும்போதும் புதிய வடிவத்தில் மீண்டும் சேர்கின்றன. ஆகவே கர்லிங் அயர்னிலிருந்து எடுத்த சுருளைச் சூட்டோடு விட்டுவிட்டால் அது தன் எடையாலேயே தொங்கித் தளரும். சுருட்டியபடியே கிளிப்பில் பிடித்து, முழுதாகக் குளிர்ந்த பின்னரே விரலால் பிரித்தால் பல மணி நேரம் நிற்கும். மெலிந்த முடிக்கும் சாயமிட்ட முடிக்கும் 150 டிகிரி செல்சியஸ் அளவிலும், நடுத்தர முடிக்கு 160 முதல் 180 வரையிலும் வைத்துத் தொடங்குவது நல்லது. தடித்த முடிக்குக்கூட 200ஐத் தாண்டத் தேவை இருப்பதில்லை. ஈர முடியில் சூடான இரும்பை வைக்கவே கூடாது.

பழகும்போது ஒரே முகத்தில் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். இமை மடிந்து மூடிய கண், மடிப்பே இல்லாத கண், சுருக்கம் விழுந்த வயதான தோல், பருக்களும் தழும்புகளும் உள்ள தோல், கண்ணாடி அணிபவர், தாடி வைத்த ஆண் என ஒவ்வொன்றும் தனித்தனிக் கேள்வியை எழுப்பும். கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு பழகுங்கள். முழு முகத்துக்கு எத்தனை நிமிடம், கொண்டைக்கு எத்தனை நிமிடம் என்பது தெரியாதவரால் பின்னால் கட்டணமும் சொல்ல முடியாது, நேர அட்டவணையும் போட முடியாது.

மூன்றாம் படி: தூய்மை கண்ணுக்குத் தெரியட்டும்

தூய்மையை விதியாகச் சொல்லிக் கொடுப்பார்கள். அதுவே உங்கள் அடையாளத்தின் வலுவான பகுதி என்று யாரும் சொல்வதில்லை. நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு உங்கள் கலைத்திறனை எடைபோடத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் லிப்ஸ்டிக்கைக் குழாயிலிருந்து நேராக உதட்டில் தேய்க்காமல், ஸ்பாட்டுலாவால் சிறிதளவு சுரண்டி, எஃகுத் தட்டில் வைத்து, புதிய பிரஷால் எடுத்து இடுவதை அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். ஒரு சொல்கூடப் பேசாமல் உங்கள் மேல் நம்பிக்கை பிறக்கும் இடம் அது.

கிரீம் வகைகள் எல்லாவற்றையும் இப்படியே தட்டில் எடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும். மஸ்காராவுக்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் குச்சிகள் போதுமான அளவு இருக்கட்டும். ஒருவர் இமையைத் தொட்ட குச்சி மீண்டும் குழாய்க்குள் போகக் கூடாது. ஐலைனர் பென்சிலை ஒவ்வொருவருக்கும் முன்பும் பின்பும் சீவி, ஆல்கஹால் தெளித்துத் துடையுங்கள். சீவும் கருவியையும் மறக்காதீர்கள். ஒற்றும் ஸ்பாஞ்சை அடுத்தவருக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கிருமிநீக்கத்துக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஏற்றது. செறிவு கூடினால் பயனும் கூடும் என்று எண்ணி 99 சதவீதத்தை வாங்குவோர் உண்டு; அது விரைந்து ஆவியாகிவிடும், மேலும் கிருமியின் புரதத்தைச் சிதைக்க நீரும் உடன் வேண்டும் என்பதால் 70 சதவீதமே நன்றாக வேலை செய்கிறது. தெளித்த உடனே துடைத்துவிடாமல் தானாக உலர விட வேண்டும். அழுக்கின் மேல் ஆல்கஹால் தெளித்துப் பயனில்லை என்பதால் பிரஷ்களையும் சீப்புகளையும் முதலில் சோப்பு நீரில் கழுவியாக வேண்டும். கழுவிய பிரஷை நிமிர்த்தி வைத்தால் நீர் உலோகப் பட்டைக்குள் இறங்கிப் பசையைத் தளர்த்திவிடும். படுக்கவைத்தோ தலைகீழாகத் தொங்கவிட்டோ உலர்த்துங்கள். ஒப்பனையோடு கூந்தல் வேலையும் சேர்த்துச் செய்பவர்கள் கூடுதலாக ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: ஆல்கஹாலும் ஹேர் ஸ்பிரேயும் தீப்பற்றக் கூடியவை, சூடான கர்லிங் அயர்னும் அதே மேசையில்தான் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி இடம் ஒதுக்குங்கள்.

உறைகளில் திறந்த டப்பா படத்துக்குள் 6எம், 12எம் என்று அச்சிட்டிருப்பது, திறந்தபின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதைக் குறிக்கிறது. திறந்த நாளைச் சிறு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். கண் சிவந்து தொற்று இருப்பவருக்கும் உதட்டில் கொப்புளம் உள்ளவருக்கும் அந்தப் பகுதியில் வேலை செய்ய மறுப்பது உங்கள் உரிமை மட்டுமன்று, அடுத்த வாடிக்கையாளருக்கு நீங்கள் செய்யும் கடமையும் ஆகும். "இன்று இந்த இடத்தைத் தொட்டால் உங்களுக்கே வலி கூடும்" என்று மென்மையாகச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

கிட் பெட்டி

இதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. தொடக்கத்தில் எல்லா நிறங்களையும் வாங்க வேண்டாம். வெளிர் முதல் மிக அடர்ந்தது வரை ஐந்தாறு ஃபவுண்டேஷன்களும், அவற்றைக் கலந்து திருத்த வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலத் திருத்த நிறங்களும் இருந்தால் அனேகமாக எல்லாத் தோலுக்கும் நிறம் கலக்க முடியும். அடர்ந்த நிறங்களை "தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம்" என்று ஒதுக்கிவைக்காதீர்கள். தன் நிறத்துக்கு ஒன்றுமில்லாத பெட்டியைத் திறந்து பார்க்கும் வாடிக்கையாளருக்கு அந்த ஒரு கணமே போதும். பிரஷ், கூந்தல் கருவி இரண்டிலும் தரமானவற்றை வாங்குங்கள். ஐ ஷேடோவில் சிக்கனம் காட்டலாம்.

நான்காம் படி: போர்ட்ஃபோலியோ

போர்ட்ஃபோலியோ என்பது உங்கள் வேலையைக் காட்டும் படத்தொகுப்பு. அதில் படங்களின் எண்ணிக்கையில் பெருமை இல்லை. பார்ப்பவர் உங்கள் மிகச் சிறந்த படத்தை வைத்து முடிவெடுப்பதைவிட, தொகுப்பில் உள்ள மிகப் பலவீனமான படத்தை வைத்தே முடிவெடுக்கிறார். அது தனக்கு நேர்ந்துவிடுமோ என்ற எண்ணம் அவருக்கு வந்துவிடுகிறது. எனவே பன்னிரண்டு முதல் பதினைந்து படங்கள் போதும், ஒவ்வொன்றும் காரணத்தோடு அதில் இருக்கட்டும்.

எவரெவர் இடம்பெற வேண்டும் என்பதற்கு இரண்டு வகைப்பாடுகள் கைகொடுக்கும். சூரிய ஒளிக்குத் தோல் எவ்வாறு எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்துத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் தொடங்கிவைத்த வகைப்பாடு, இன்று மிக வெளிர்ந்தது முதல் மிகக் கருத்தது வரை ஆறு வகைகளைக் கொண்டிருக்கிறது. கூந்தலுக்குச் சிகைக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் தந்த வகைப்பாடு நேர்முடி, அலைமுடி, சுருள்முடி, இறுகிய சுருள்முடி என நான்காகப் பிரிக்கிறது. முன்னது மருத்துவத்துக்கென உருவானது, ஒப்பனைக்கு அளவுகோல் அன்று. இருந்தும், உங்கள் படங்களை இந்த இரண்டோடும் ஒத்துப் பார்த்தால் எங்கே வெற்றிடம் இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். ஒரே நிறத் தோலும் ஒரே வயதும் மட்டுமே நிறைந்த தொகுப்பு, மற்றவர்களிடம் "உங்களுக்கு இங்கே இடமில்லை" என்று சொல்லாமல் சொல்கிறது.

படமெடுக்கும்போது ஒளியே பாதி வேலை. பகலொளிக்கு இணையான 5000 முதல் 5600 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரையிலான விளக்கும், நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ அளவு 90க்கு மேலும் இருக்கும்படி வாங்குங்கள். 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் விளக்கின் கீழ் செய்த ஒப்பனை பகலில் வேறு நிறமாகத் தெரியும் என்பதால், வேலை செய்யும்போதும் இதே விளக்கு உதவும். சன்னலோரத்து நிழலொளி கிடைத்தால் அதைவிட மேலானது வேறில்லை. முன்னும் பின்னும் காட்டும் இரட்டைப் படங்களில் ஒளி, கோணம், முகபாவம் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். முன்படத்தில் இருட்டையும் சோர்வையும், பின்படத்தில் வெளிச்சத்தையும் புன்னகையையும் வைப்பது பார்ப்பவரை ஏமாற்றும் வேலை.

கைப்பேசியில் தோலை மழமழப்பாக்கும் அழகு வசதி பலவற்றில் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிட்டு எடுங்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஃபில்டர் போட்ட படத்தைப் பார்த்து வருபவர் தமக்கும் அந்தத் தோல் கிடைக்கும் என்று நம்பி வருகிறார், கண்ணாடியில் மயிர்க்கால்களைப் பார்த்ததும் ஏமாறுகிறார், அதற்கு நீங்கள்தான் பொறுப்பாகிறீர்கள். தோல் தோலாகத் தெரியும் படம் தயக்கத்தோடு பார்க்கப்பட்டாலும், அதை நம்பி வருபவர் திரும்பத் திரும்ப வருவார். கூந்தலைப் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் எடுக்க மறக்காதீர்கள். கொண்டையின் வேலைப்பாடு முன்பக்கத்தில் தெரிவதே இல்லை.

தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் இருக்கமாட்டார்கள். தங்களுக்கும் படங்கள் வேண்டியிருக்கும் புதிய புகைப்படக்காரர், புதிய மாடல் ஆகியோரோடு சேர்ந்து, பணப் பரிமாற்றமின்றி எல்லாரும் படங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தத்தில் படப்பிடிப்பு நடத்தலாம். எத்தனை படங்கள், எந்த நாளுக்குள், யார் எங்கே பயன்படுத்தலாம் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். புகைப்படக்காரரின் பெயரைக் குறிப்பிடாமல் அவர் எடுத்த படத்தை வெளியிடக் கூடாது. அவர் தந்த படத்தின் நிறத்தை மாற்றவும் கூடாது. வாடிக்கையாளர்களின் படத்தை எழுத்து மூலமான அனுமதியோடு மட்டுமே வெளியிடுங்கள். மறுத்தவரின் படத்தைக் கண்ணை மறைத்தாவது போடலாமா என்று யோசிக்கவே வேண்டாம்.

ஐந்தாம் படி: பெயரும் தோற்றமும்

இப்போது லோகோவுக்கு வரலாம். தனியாக வேலை செய்பவருக்குச் சொந்தப் பெயரே நல்ல தொழிற்பெயர். நாளை வேலையின் வகை மாறினாலும் அது பொருந்தும். குழுவாக வளரும் எண்ணம் இருந்தால் மட்டுமே வேறு பெயர் தேடுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில், ஒரே எண்ணோடு, ஒரே முகப்படத்தோடு இருக்கட்டும். இரண்டு நிறங்களும் ஒரு எழுத்துருவும் போதும். அறிமுகக் குறிப்பில், முதல் படியில் எழுதிய வாக்கியமும், நீங்கள் எந்தப் பகுதிகளில் வேலைக்கு வருவீர்கள் என்பதும், தொடர்புகொள்ளும் வழியும் இருந்தால் போதுமானது. ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குப் போனதை அந்தப் பிரபலக் கலைஞரின் மாணவர் என்று எழுதிக்கொள்வது, தெரிந்தவர்கள் முன்னால் தலைகுனிய வைக்கும். சில நாடுகளில் முடி வெட்டவும் சாயமிடவும், சில இடங்களில் ஒப்பனை செய்யவும்கூட உரிமம் வேண்டும். உங்கள் பகுதியின் விதியை விசாரித்துவிட்டுத்தான் பெயர்ப்பலகை வையுங்கள்.

ஆறாம் படி: கட்டணம், நேரம், ஒப்பந்தம்

மற்றவர்களைவிடக் குறைவாகக் கேட்டால் வேலை வரும் என்று தொடங்குபவர்களுக்கு, குறைவான கட்டணமே அடையாளமாகிவிடுகிறது. பிறகு அதை உயர்த்த முயலும்போது பழைய வாடிக்கையாளர்கள் விலகிவிடுகிறார்கள். கணக்கை முகத்துக்கு இத்தனை என்று தொடங்காமல் மணி நேரத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு மணி நேர வேலைக்குப் போக வர ஒன்றரை மணி நேரம், பெட்டியை அடுக்கவும் திரும்பி வந்து பிரஷ் கழுவவும் ஒரு மணி நேரம், முன்கூட்டிப் பேசவும் செய்தி அனுப்பவும் அரை மணி நேரம் என்று சேர்த்தால் அது ஐந்து மணி நேர வேலை. அதோடு தீர்ந்துபோகும் பொருட்களின் செலவையும் பயணச் செலவையும் கூட்டிய பிறகே ஒரு தொகை சொல்ல முடியும்.

நேர அட்டவணையைப் பின்னிருந்து முன்னாகப் போட வேண்டும். மணப்பெண்ணும் உறவினர் நால்வரும் காலை பத்து மணிக்குத் தயாராக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மணப்பெண்ணுக்கு ஒப்பனையும் கூந்தலும் சேர்த்து இரண்டு மணி நேரம். மற்றவர்களுக்குத் தலா ஒன்றே கால் மணி என நால்வருக்கு ஐந்து மணி நேரம். மேசை அமைக்க அரை மணியும், எதிர்பாராத தாமதத்துக்கு அரை மணியும். மொத்தம் எட்டு மணி நேரம் ஆகிறது. அதாவது தனியாளாக ஏற்றுக்கொண்டால் இரவு இரண்டு மணிக்கு வேலையைத் தொடங்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் "சரி, செய்துவிடலாம்" என்று சொல்பவர்தான் மணப்பெண்ணை அவசர அவசரமாக முடித்து அனுப்பி, பெயரைக் கெடுத்துக்கொள்கிறார். உதவியாளர் ஒருவர் இருந்து, நீங்கள் மணப்பெண்ணையும் இன்னொருவரையும், அவர் மற்ற மூவரையும் பார்த்துக்கொண்டால் ஐந்தே கால் மணிக்குத் தொடங்கினால் போதும். மணப்பெண்ணைக் கடைசியாக வைக்காதீர்கள். எல்லாருடைய தாமதமும் சேர்ந்து அவர் தலையில்தான் விழும்.

தேதியை உறுதிசெய்ய முன்பணம், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், தாமதமானால் கூடுதல் கட்டணம் உண்டா, சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் வந்தால் என்ன செய்வது ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எளிய மொழியில் எழுதி அனுப்பி, ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். தெரிந்தவர்களுக்கும் இதே தாளை அனுப்புங்கள். மனக்கசப்பு பெரும்பாலும் தெரிந்தவர்களிடம்தான் வருகிறது.

ஏழாம் படி: டிரையல் எனும் முதல் சந்திப்பு

விழா நாளுக்கு முன்பே ஒருமுறை ஒப்பனை செய்து பார்ப்பதுதான் டிரையல். அன்று பிரஷை எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் கேளுங்கள். எந்தப் பொருளாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, லேடெக்ஸ் (ரப்பர் பால்) ஒவ்வாமை உண்டா, ரெட்டினால் போன்ற, தோலை உரியச் செய்யக்கூடிய பொருள் எதையும் பயன்படுத்துகிறாரா, அண்மையில் முகத்தில் வேக்ஸிங் செய்திருக்கிறாரா, கான்டாக்ட் லென்ஸ் அணிகிறாரா என்பவை கட்டாயக் கேள்விகள். செயற்கை இமை ஒட்டும் பசை சிலவற்றில் லேடெக்ஸ் இருப்பதால் அந்தக் கேள்வி வெறும் சடங்கன்று. சந்தேகம் இருந்தால் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிதளவு தடவி, 24 முதல் 48 மணி நேரம் வரை பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டு போங்கள். லென்ஸ் அணிபவரை ஒப்பனைக்கு முன்பே அணிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

"இயல்பாக இருந்தால் போதும்" என்று கிட்டத்தட்ட எல்லாரும் சொல்வார்கள். ஒருவருக்கு இயல்பு என்பது மையும் லிப் பாமும். இன்னொருவருக்கு அது செயற்கை இமையோடு கூடிய முழு ஒப்பனை. சொல்லை நம்பாமல், பிடித்த மூன்று படங்களையும் பிடிக்காத ஒரு படத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பிடிக்காத படம்தான் அதிகம் பேசும். முடித்ததும் கண்ணாடியைக் கொடுத்து "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காக ஆம் என்றுவிடுவார், "எந்த ஒன்றை மாற்றினால் இன்னும் உங்களைப் போல் இருப்பீர்கள்?" என்று கேளுங்கள். உண்மையான விடை அப்போதுதான் வரும். சன்னலோரத்துக்கு அழைத்துச் சென்று பகலொளியில் ஒரு படமும் ஃபிளாஷோடு ஒரு படமும் எடுத்து, எத்தனை மணி நேரத்தில் எங்கே கலைந்தது என்பதை அன்றிரவு எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

தம் தோலை இரண்டு மூன்று படி வெளுப்பாக்கிக் காட்டச் சொல்பவர்களும் வருவார்கள். இதற்கு உங்கள் விடை என்ன என்பதைத் தொழிலின் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். முகமும் கழுத்தும் வேறு நிறமாகத் தெரியும், புகைப்படத்தில் அது இன்னும் பளிச்சென்று தெரியும் என்பதைத் தாடையில் இரு கோடுகளாக இட்டுக் காட்டினால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்காதவரின் வேலையை விட்டுவிடுவதால் வரும் இழப்பு சிறியது. உங்கள் கைப்பட வெளுத்த முகம் நூறு பேர் கையில் படமாகச் சுற்றுவதால் வரும் இழப்பு பெரியது.

எட்டாம் படி: மூத்த கலைஞரிடம் உதவியாளராக

முதல் ஓரிரு ஆண்டுகளில் இதைவிட விரைவாகக் கற்றுத்தரும் வழி எனக்குத் தெரியவில்லை. பிரஷ் கழுவுவதும் கொண்டை ஊசி எடுத்துக் கொடுப்பதும்தான் வேலையாக இருக்கும். ஆனால் கோபமான வாடிக்கையாளரை அவர் எப்படி அமைதிப்படுத்துகிறார் என்பதை வேறெங்கும் பார்க்க முடியாது. அந்த இடத்தில் உங்கள் கார்டை யாரிடமும் நீட்டாதீர்கள். யாராவது உங்கள் எண்ணைக் கேட்டால் மூத்தவரின் எண்ணையே கொடுங்கள். அவர் அனுமதிக்கும்வரை ஒரு படமும் வெளியே போகக் கூடாது. உங்கள் பங்கு கூந்தல் மட்டும் என்றால், பின்னால் அந்தப் படத்தைக் காட்டும்போது அப்படியே குறிப்பிடுங்கள். இப்படி நடப்பவரைத்தான் தம்மால் போக முடியாத வேலைகளுக்கு மூத்தவர் பரிந்துரைப்பார்.

ஒவ்வொரு வேலைக்கும் பிறகு

வீடு திரும்பியதும் அந்த வாடிக்கையாளருக்கென ஓர் அட்டை எழுதுங்கள்: கலந்த ஃபவுண்டேஷன் எண்கள், விகிதம், ஒத்துக்கொள்ளாத பொருள், இரும்பின் வெப்பநிலை, பயன்படுத்திய ஊசிகளின் வகை, அவர் மாற்றச் சொன்னது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மீண்டும் அழைக்கும்போது, "சென்ற முறை இடது புருவம் சற்று அடர்த்தியாகிவிட்டது என்றீர்கள், இம்முறை பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல அந்த அட்டைதான் உதவும்.

புகார் வந்தால் அன்றே பதில் எழுதுங்கள். எது கலைந்தது, எப்போது கலைந்தது என்பதைப் படத்தோடு கேட்டு, தவறு உங்களுடையதாக இருந்தால் அடுத்த வேலையில் ஈடுசெய்தோ பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பியோ முடித்துவிடுங்கள், பொதுவெளியில் வாதாடாதீர்கள். மகிழ்ச்சியோடு போனவரிடம் இரண்டு மூன்று நாட்களுக்குள் கருத்துக் கேளுங்கள், அதற்கு மேல் காத்திருந்தால் மறந்துவிடுவார். அவர் எழுதிய சொற்களைத் தொகுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவற்றை முதல் படியில் எழுதிய வாக்கியத்தின் அருகே வைத்துப் படித்து, பொருந்தாத படங்களைப் போர்ட்ஃபோலியோவிலிருந்து எடுத்துவிட்டு, வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஏதாவது அந்த வாக்கியத்தில் இல்லாமலிருந்தால் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.